கிராம சபையில் பங்கிட என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 15-க்கோ அக்டோபர் 2-க்கோ சில நாள் முன்பாக ஏதாவது ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் செயலரின் மேசைமேல் ஒரு சுற்றறிக்கை கிடக்கும். வரப்போகும் கிராம சபையின் கூட்டப்பொருள் பட்டியல் அது. சென்னையில் ஊரக வளர்ச்சி இயக்ககத்தில் தயாராகி, ஆட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம் என்று படியிறங்கி வந்திருக்கும். ஊராட்சியின் வரவு செலவு, குடிநீர்ச் சிக்கனம், டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் தடை, ஜல் ஜீவன், நூறு நாள் வேலை என்று வரிசையாகப் போய், கடைசி எண்ணில் ‘இதர பொருட்கள்’ என்று முடியும். ராமநாதபுரத்துக்கும் நீலகிரிக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். சுடுகாட்டுப் பாதையை யாரோ வேலி போட்டு அடைத்தது, ரேஷன் கடை வாரத்தில் இரண்டு நாள்தான் திறப்பது, மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாதது என்று ஊர்க்காரர் பேச வந்ததெல்லாம் அந்தக் கடைசி எண்ணுக்குள் இடித்துப் பிடித்து உட்கார வேண்டியதுதான்.

கிராம சபைக்கு ஆள் வருவதில்லை என்பது ஒன்றிய அலுவலகங்களில் ஓயாத புலம்பல். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று அதற்கு ஒரு காரணமும் கைவசம் வைத்திருப்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பந்தலடியில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை மக்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். பங்கிட ஏதாவது இருந்தால் வருகிறார்கள். இல்லையென்றால், மனு வைத்திருப்பவர் மட்டும் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளாட்சித் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதிக் குவித்திருப்பவற்றில் பெரும்பகுதி கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதைப் பற்றியது. கூட்டத்தின் முன்னால் எவ்வளவு பணம் வைக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கினால் பல புதிர்கள் தாமாக அவிழ்கின்றன.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. கிராம சபை என்ற பெயர் அரசியல் சட்டத்துக்குள் வந்தது அப்போதுதான். ஆனால் சபைக்கு என்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யட்டும் என்று 243-ஏ பிரிவு விட்டுவிட்டது. பதினோராவது அட்டவணையின் 29 துறைகளும் அப்படியே. கொடுக்கலாம் என்கிறது, கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி என நான்காக இருந்த கூட்ட நாட்களோடு 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின. குறைவெண் வரம்பும் உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நாளும் ஆள் எண்ணிக்கையும் இவ்வளவு துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பணம் பற்றி இப்படி ஒரு துல்லியத்தை எங்கும் காண முடியாது.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள். ஊராட்சிக் கணக்குகளை நெடுங்காலமாக மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் கணக்கு பொதுநிதி: வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம் இவையெல்லாம் சேருமிடம். இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டியதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மூன்றாவது, திட்டப் பணிகளுக்கு. இரண்டாம் கணக்கில் விழும் பணம் வந்த வழியே மின்கட்டணமாகப் போய்விடும். அதைப் பற்றிக் கூடிப் பேச ஒன்றுமில்லை. மூன்றாம் கணக்கில் இருப்பது எந்தத் திட்டத்துக்கோ அந்தத் திட்டத்துக்கே. மீதி முதல் கணக்கு. தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் சம்பளம், தெருவிளக்குக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், எரிந்துபோன மோட்டாருக்கு ரீவைண்டிங், உடைந்த குழாய்க்கு ஒட்டு என்று எல்லாம் போன பின் நிற்பது எவ்வளவோ அதுதான் ஊர் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம். கோடையில் இரண்டு ஆழ்துளைக் கிணறு வற்றினால் அதுவும் போயிற்று. அப்போது தலைவர் ஒன்றியத்துக்கு நடக்க ஆரம்பிப்பார்.

மேலிருந்து வரும் பணத்திலும் இதே கதை. 14-வது நிதிக்குழு 2015 முதல் 2020 வரைக்கும் நாடு முழுவதும் கிராம ஊராட்சிகளுக்கு ரூ.2,00,292 கோடி பரிந்துரைத்தது. அதுவரை காணாத தொகை. அதைச் செலவிட ஊர்தோறும் ஒரு திட்டம் வேண்டும் என்று சொல்லப்பட்டதால் பிறந்ததுதான் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம். 2018 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2-இல் தொடங்கும் ஓர் இயக்கமாகவும் அது ஆனது. ஆனால் அடுத்த நிதிக்குழு வந்தபோது பிடி இறுகியது. 2021 முதல் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போடப்பட்டது. மீதி 40 சதவீதத்தைத்தான் ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது, அதையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்று விதி இருந்தது. குடிநீரும் கழிப்பறையும் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முன்பே முடிவான ஒன்றைப் பற்றி ஊரைக் கூட்டி ‘என்ன செய்யலாம்’ என்று கேட்பதில் ஒரு பாசாங்கு இருக்கிறது. இப்போது திட்டத்துக்குக் கருப்பொருள் வேறு. வறுமையற்ற ஊராட்சி, நீர் நிறைந்த ஊராட்சி, குழந்தை நேய ஊராட்சி என்று ஒன்பது தலைப்புகள் தயாராக இருக்கின்றன. அவற்றில் தேர்ந்துகொள்ள வேண்டும்.

திட்டம் எழுதும் முறையும் இதற்கேற்பத்தான் அமைகிறது. எவ்வளவு பணம் வரும் என்பது உறுதியாகத் தெரியாத நிலையில் எழுதப்படும் திட்டம் விருப்பப் பட்டியலாகத்தான் இருக்கும். எல்லாத் தெருவுக்கும் சிமெண்ட் சாலை, எல்லா வார்டுக்கும் சமுதாயக் கூடம். ஒருவர் கேட்டதை வெட்டினால் பகை, சேர்த்தால் செலவில்லை. அதனால் எல்லாம் சேரும். இணையத்தில் ஏறும். எது முதலில், எது அடுத்த ஆண்டு என்று தேர்ந்தெடுக்கும் வேலை கூட்டத்தில் நடப்பதில்லை. பிறகு ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடும்போதும், நிர்வாக அனுமதி வரும்போதும், சட்டமன்ற உறுப்பினர் ஒரு வார்த்தை சொல்லும்போதும் நடக்கிறது. திட்டமிடல் என்பதே அந்தத் தேர்வுதான் என்னும்போது, ஊர் அதில் இல்லை.

இதற்கு எடுப்பான சாட்சி தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் நிற்கிறது. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ரூ.20 லட்சம் என்ற கணக்கில் வேலைகள் நடந்தன. ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரே மாதிரி தொகை, கட்சி பேதம் இல்லாமல். அந்த வகையில் நல்ல திட்டம். ஆனால் என்ன கட்ட வேண்டும் என்பதும் பெரும்பாலும் சென்னையிலேயே முடிவாகியிருந்தது: நூலகம், விளையாட்டுத் திடல், குளம், சுடுகாட்டு வசதி. பல ஊர்களில் அந்த நூலகக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. சன்னல் வழியே பார்த்தால் அலமாரியும், கட்டுக் கட்டாகப் புத்தகமும், தூசியும் தெரியும். புத்தகம் படிக்க ஆளில்லாத ஊர் என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஊரில் உட்கார்ந்து கேட்டிருந்தால், திறந்து வைத்திருக்கும் ஆளுக்குத் தொடர்ந்து சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கட்டுவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

1997-இல் தொடங்கி, 2021-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டம் வேறு மாதிரி. வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். இங்கே ஊர் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதுதான் வேலை. அதை மறுக்க முடியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கைப் போடக்கூடியவர் யார்? வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் உள்ள தெரு, நிறுவனம் உள்ள ஊர், வணிகர் சங்கம். தலித் மக்கள் வாழும் காலனிக்குப் பாலம் வேண்டுமென்றால் அதற்கு யார் வசூல் செய்வார்கள்? பங்கேற்பைப் பணமாக அளந்தால் பணமுள்ளவரே பங்கேற்பார்.

கேரளம் இந்த முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்த்தது. 1996 ஆகஸ்ட் 17, மலையாள ஆண்டுப் பிறப்பான சிங்ஙம் ஒன்றாம் தேதி, மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. முன்னணியில் முதிர்ந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட், திட்டக் குழுவின் துணைத் தலைவர் பொருளியல் அறிஞர் ஐ.எஸ். குலாட்டி, குழு உறுப்பினராகப் பின்னாளில் நிதியமைச்சரான தாமஸ் ஐசக். அவர்கள் செய்த முதல் வேலை கூட்டம் போட்டதல்ல. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்தார்கள். உள்ளாட்சிகளுக்குத் திறமை இருக்கிறதா, கணக்கு எழுதத் தெரியுமா, ஊழல் வருமா என்ற கேள்விகளெல்லாம் அன்றும் இருந்தன. திறமை வந்த பிறகு பணம் என்றால் இரண்டும் வராது என்பது அவர்கள் வாதம்.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது ஒரு சாதாரண அச்சுத் தாள். கேரள மாநில வரவு செலவுத் திட்டத்துடன் ‘நான்காம் பின்னிணைப்பு’ என்று ஒரு புத்தகம் வரும். ஒவ்வோர் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வரும் ஆண்டில் எவ்வளவு என்று பெயர் பெயராக அதில் இருக்கும். சட்டமன்றம் ஒப்புக்கொண்ட தொகை. அமைச்சர் மனம் மாறினாலும் தொகை மாறாது. ஊராட்சித் தலைவர் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஊர் கூடும்போது எதிரே இருப்பது ஒரு எண். அந்த எண்ணுக்குள் அடக்க வேண்டும் என்றால் சண்டை வரும், பேரம் வரும், விட்டுக்கொடுப்பும் வரும். அதைத்தான் திட்டமிடல் என்கிறோம்.

பிறகுதான் கூட்டங்கள். கேரள ஊராட்சி பெரியது, சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல். அதனால் அங்கே கிராம சபை ஊராட்சி அளவில் கூடுவதில்லை, வார்டு அளவில் கூடுகிறது. முதல் சுற்றில் மாநிலம் முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சபையில் குழுக்களாகப் பிரிந்து குடிநீர், வேளாண்மை, கல்வி என்று பேசி, அதை ஊராட்சியின் வளர்ச்சி அறிக்கையாக எழுதி, வளர்ச்சிக் கருத்தரங்கில் வைத்து, செயற்குழுக்கள் வழியே திட்டமாக்கினார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் அடங்கிய தன்னார்வத் தொழில்நுட்பக் குழு மதிப்பீடுகளைச் சரிபார்த்தது. பணத்தில் குறைந்தது 40 சதவீதம் உற்பத்தித் துறைக்கு, சாலை போன்ற கட்டுமானத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது, பெண்களுக்கான பகுதிக்கு 10 சதவீதம் என்று சில வரம்புகள் இருந்தன. வரம்பு கேரளத்திலும் உண்டு என்று இதைக் காட்டிச் சொல்லலாம். ஆனால் அந்த வரம்புக்குள் கோழி வளர்ப்பா கயிறுத் தொழிலா என்று தீர்மானிக்க ஊருக்கு இடமிருந்தது.

கேரளத்தைப் போற்றிப் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வது நம் கட்டுரையாளர்களிடம் ஒரு வழக்கம். முழுக்கதை அவ்வளவு இனிப்பானதில்லை. 2001-இல் ஆட்சி மாறியதும் இயக்கத்தின் பெயர் மாறியது. பண ஒதுக்கீடு மட்டும் தங்கியது. ஆட்சி மாறியும் அது தங்கியதே இயக்கத்தின் பெரிய வெற்றி. ஆனால் கிராம சபையின் கூட்டம் முதல் ஆண்டின் சூட்டில் நீடிக்கவில்லை. வீடு, ஆடு, தையல் இயந்திரம் யாருக்கு என்று பயனாளிப் பட்டியல் போடும் இடமாகச் சபை சுருங்கியது. பட்டியலில் பெயர் வராத நடுத்தர வர்க்கம் வருவதை நிறுத்தியது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்களே இன்று பல சபைகளின் பெரும்பான்மை. பேராசிரியர் பாட்ரிக் ஹெல்லரும் அவருடைய கூட்டாளிகளும் 72 ஊராட்சிகளை ஆய்ந்து, இயக்கம் உள்ளாட்சியை உண்மையாகவே வலுப்படுத்தியது என்று 2007-இல் எழுதினார்கள். எனக்கு அதில் ஐயமில்லை. தமிழ்நாட்டோடு ஒப்பிடும்போது ஒன்று உறுத்துகிறது. 2011 கணக்கெடுப்பின் ஊரக மக்கள்தொகையை ஊராட்சி எண்ணிக்கையால் வகுத்தால் நம் ஊராட்சிக்குச் சராசரி மூவாயிரம் பேர். எல்லாரும் எல்லாரையும் முகம் பார்த்துப் பேசக்கூடிய அளவு. கேரளம் வார்டாக வெட்டித்தான் கிட்டத்தட்ட இந்த அளவுக்கு வர முடிந்தது. கூடுவதற்கு ஏற்ற அளவு நம்மிடம் இருக்கிறது, செலவிடுவதற்கு ஏற்ற அளவு அவர்களிடம். நம் ஊராட்சிக்கு ஒரு செயலர். சொந்தமாக ஒரு பொறியாளர் கிடையாது.

பணத்துக்கும் வருகைக்கும் உள்ள உறவை உலகத்திலேயே தெளிவாகக் காட்டிய ஊர் போர்ட்டோ அலெக்ரே. தென் பிரேசிலில், பதின்மூன்று லட்சம் பேர் வாழும் நகரம். 1988 தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்று, அடுத்த ஆண்டு ஒலீவியோ டூத்ரா மேயரானார். நகரை 16 வட்டாரங்களாகப் பிரித்து மக்களைக் கூட்டி, நகராட்சியின் முதலீட்டுப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டார்கள். மக்கள் வந்தார்கள், கேட்டார்கள், பட்டியல் போட்டார்கள். ஆனால் வருவாயில் பெரும்பங்கைச் சம்பளம் விழுங்கியிருந்தது. கேட்டதில் பெரும்பகுதி நடக்கவில்லை. அடுத்த ஆண்டு கூட்டங்கள் காற்று வாங்கின. ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை. விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்குப் பதில் நகராட்சி வேறொன்றைச் செய்தது. சொத்து வரியை மாற்றியமைத்து, வசதியுள்ளவர்களிடம் கூடுதலாக வாங்கியது. பணம் வந்தது, சாக்கடையும் குழாயும் தார்ச்சாலையும் தெருவுக்கு வந்தன. அதைப் பார்த்த பக்கத்துத் தெரு அடுத்த கூட்டத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வந்தார்கள்.

அங்கே கூட்டம் நடந்த விதத்திலும் சில நுட்பங்கள் உண்டு. ஆண்டின் முதல் கூட்டத்தில் நகராட்சி பதில் சொல்ல வேண்டும்: போன ஆண்டு ஒப்புக்கொண்டதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன். எவ்வளவு பேர் வந்தார்களோ அதற்கேற்பப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை கூடும். அதனால் ஆளைத் திரட்டுவதற்கு அர்த்தம் இருந்தது. வட்டாரங்களுக்கிடையே பணத்தைப் பிரிக்க ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: மக்கள்தொகை, எந்த வசதி எவ்வளவு குறைவு, மக்கள் தந்த முன்னுரிமை. வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் எடை. குரல் உயர்த்துபவருக்கு மட்டும் கிடைக்காதபடி கணக்கே காவல் காத்தது.

2004-இல் அந்தக் கட்சி நகரத்தில் தோற்றது. அடுத்து வந்தவர்கள் திட்டத்தை ஒழிக்கவில்லை. பணத்தைக் குறைத்தார்கள், ஒப்புக்கொண்ட வேலைகளைத் தள்ளிப்போட்டார்கள். 2017-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. உலகத்தில் ஆயிரக்கணக்கான நகரங்கள் பின்பற்றும் முறை பிறந்த ஊரிலேயே இப்படிக் கரைந்தது. இந்தியாவில் புனே மாநகராட்சி 2006 முதல் அதன் ஒரு வடிவத்தை நடத்துகிறது: மக்கள் தங்கள் பகுதிக்கான சிறு வேலைகளை விண்ணப்பமாகத் தருவார்கள், சில வரவு செலவுத் திட்டத்தில் ஏறும். கூடிப் பேசித் தேர்வு செய்வது அதில் இல்லை. போர்ட்டோ அலெக்ரேயின் பெயரைச் சொல்லி அதன் எலும்பை எடுத்துவிட்ட பல முயற்சிகளில் அதுவும் ஒன்று.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். யார் பேசுகிறார், யாருக்குப் பதில் வருகிறது என்பது தனிக் கேள்வி, கடினமான கேள்வி. டிமோத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் மூவரும் தென்மாநிலங்களின் 500-க்கும் மேற்பட்ட கிராமங்களில் நடத்திய ஆய்வு 2005-இல் வந்தது. பெண்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சபைக்குக் குறைவாக வருகிறார்கள்; நிலமற்றவர்களும் தாழ்த்தப்பட்டோரும் மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறார்கள். கிராம சபை நடந்த ஊர்களில் வறுமைக்கோட்டு அட்டை உரியவருக்குப் போய்ச் சேரும் வாய்ப்பும் கூடியிருந்தது. குறைபாடுள்ள கூட்டம்கூட இல்லாத கூட்டத்தைவிட மேல் என்பதற்கு இதுவே போதும்.

2019-இல் ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசப்பட்டதைச் சொல் சொல்லாகப் பதிவு செய்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். பெண்கள் வந்திருந்தாலும் பேசுவது குறைவு. அவர்கள் எழுப்பும் பேச்சு சபையின் பேச்சாக மாறுவது குறைவு. அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் பெறுவதும் குறைவு. தலைவராகப் பெண் இருக்கும் ஊராட்சியில் பெண்கள் கூடுதலாகப் பேசிவிடவில்லை, ஆனால் பேசியவர்களுக்குப் பதில் கிடைத்தது. இட ஒதுக்கீடு 50 சதவீதமானபோது கேலி பேசியவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்கலாம். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே சபைக்குக் கூட்டிவந்து வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது நாடறிந்த வழக்கம். குறைவெண் நிரம்பிவிடும், புகைப்படத்தில் கூட்டம் நிறைந்திருக்கும். அவர்கள் வாய் திறந்து சம்பள பாக்கி பற்றிக் கேட்கும்போதுதான் ‘அது இன்றைய கூட்டப்பொருளில் இல்லையே’ என்ற பதில் வரும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்க விடப்படவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே விலகினார். 2006-இல்தான் முறையான தேர்தல் முடிந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்றும் தலித் தலைவர் நாற்காலியில் உட்காரவோ கொடியேற்றவோ தடை என்ற செய்தி சுதந்திர நாளையொட்டி வராத ஆண்டில்லை. அப்படிப்பட்ட ஊரில் பொதுச் சபைக்கு எவ்வளவு பணம் வைத்தாலும் அது காலனிக்குப் போக வேண்டுமென்றால், போர்ட்டோ அலெக்ரே வைத்ததைப் போலக் குறைபாட்டுக்கு எடை தரும் சூத்திரம் வேண்டும். ஊரார் நல்லெண்ணத்தை நம்பியிருக்க முடியாது.

நல்ல தலைவர் வந்தால் போதும் என்பாரும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கமும், மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறையும் அவர்கள் கையில் எப்போதும் தயார். 1996 முதல் பத்தாண்டு அந்த ஊர்களில் நடந்தது பாராட்டத்தக்கதுதான். ஓடந்துறை ஊராட்சி வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலையே நிறுவி மின்சாரம் விற்றது. ஆனால் அவை தலைவர்களின் கதை. சபையின் கதையாக அவற்றைச் சொல்லும்போது, மீதி ஊர்கள் ஏதோ தலைவர் சரியில்லாமல் தேங்கிவிட்டன என்ற தவறான பாடம் கிடைக்கிறது.

நகரத்தின் நிலை இன்னும் மோசம், எனவே சீக்கிரம் கடந்துவிடலாம். பகுதி சபைக்கும் வார்டு குழுவுக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்ததே 2022-இல்தான்; முதல் பகுதி சபைகள் அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கூடின. பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மாமன்றங்களுக்குத் தேர்தல் நடந்து, ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது, வீட்டின் பரப்புக்கேற்ப 25 முதல் 150 சதவீதம் வரை. உயர்வு நியாயமா என்பது வேறு விவாதம். போர்ட்டோ அலெக்ரேயிலும் வரி உயர்ந்தது. அங்கே அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்பது வரி கட்டியவருக்குத் தெரிந்தது.

கூட்டத்துக்கு வரவே மாட்டார்கள் என்று சொல்லப்படும் மக்கள் எப்போது வருகிறார்கள் என்று பார்த்தாலும் என் கணக்கு சரியாகவே வருகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கேட்கப்பட்டபோது ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் சபைகள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்தன. அடுத்த ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்று அந்தக் குடியரசு நாள் சபைகளில் கூட்டம் திரண்டது. இழப்பதற்கு ஏதாவது இருந்தால் வருகிறார்கள். பெறுவதற்கும் ஏதாவது இருக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது.

இதற்கெல்லாம் முன் ஒரு அடிப்படை இருக்கிறது, தேர்தல். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள். இலங்கையிலும் இதே காட்சிதான்: 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதேச சபைகளும் நகர சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்தன. அந்த ஆண்டே நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போய் 2025 மே 6-இல்தான் நடந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே சபையாக இருந்தார்கள். செலவு செய்தவரும் கணக்கு வாசிப்பவரும் ஒரே அதிகாரியாக இருக்கும் கூட்டத்தில் ஊர்க்காரர் எழுந்து எந்தத் தேர்தலைக் காட்டி மிரட்டுவார்?

என்ன செய்யலாம் என்றால், பெரிய சட்டத் திருத்தம் எதுவும் முதல் படிக்குத் தேவையில்லை. மாநில வரவு செலவுத் திட்டத்தோடு ஒவ்வோர் ஊராட்சிக்குமான தொகையைக் கேரளத்தைப் போல அச்சிட்டுவிட்டால் மார்ச் 22 கூட்டத்துக்கு ஓர் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணில் கட்டுப்படாத பங்கு எவ்வளவு என்பதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும்; நிதிக்குழுக்களிடம் மாநில அரசு வாதாட வேண்டியதும் அந்தப் பங்கைக் கூட்டச் சொல்லித்தான். மேலிருந்து வரும் கூட்டப்பொருள் பட்டியலில் முதல் எண்ணை ஒரே ஒரு பொருளுக்கு ஒதுக்கலாம்: போன சபையின் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை, யாரிடம் நிற்கிறது. இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு என்ற முறை பல ஊர்களில் நடக்கிறது. அதைத் தடுக்கச் சில இளைஞர்கள் கூட்டம் கலைவதற்கு முன் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்ட ஊர்களில் அடுத்த கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அதிகாரியான பற்றாளரிடம் யாராவது செல்போனை நீட்டி மூன்றாம் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பார். பற்றாளர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாக வேண்டியிருக்கும்.